மூணு நாளுக்கு ஏழு உருப்படி

அம்மிணி, இந்தப் பைய உன்ற காலுகிட்டச் சித்த நேரம் வெச்சுக்கட்டுமா? மேல வெச்சா சாஞ்சு போயிரும், உள்ள நார்த்தங்கா ஊறுகா இருக்குது. பெரிய பொட்டி ரெண்டையும் கண்டக்டரு கீழ டிக்கியில போட்டுட்டாரு. பக்கெட்டு மட்டும் ஒடஞ்சு போகும், நீயே வெச்சுக்கம்மான்னுட்டாரு. அதான் மடியில வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கறேன். சிரிக்கோணும்னா சிரி. பக்கெட்டத் தூக்கிக்கிட்டு நடந்து வந்தப்ப அந்த பஸ் ஸ்டேண்டே சிரிச்சிருச்சு. நீ ஒருத்தி சிரிச்சா என்ன கொறஞ்சா போயிருவேன்?

எங்க எறங்கற? ஆத்தூரா? நானு திருச்செங்கோடு. சேலத்துல மாறோணும். ஏழு உருப்படிய வெச்சுக்கிட்டு எப்படி மாறப் போறனோ தெரீல. போச்சாது, அப்பப் பாத்துக்கலாம்.

இந்தா, கச்சாயம் ஒண்ணு எடுத்துக்க. வெக்கப்படாத கண்ணு, நெறையக் கெடக்குது. கப்பலுக்குன்னு சுட்டது. ஆமா, கப்பலுக்குத்தான். எங்கூட்டுக்காரரு இப்பக் கப்பல்ல இருக்கறாரு. அஞ்சு மணிக்கு எடுக்கறாங்களாம். இப்ப மணி என்ன, நாலா? இன்னும் ஒரு மணி நேரம் இருக்குது.

கப்பல்ல வேலையெல்லாம் இல்ல, டூருதான். சிலோனு வரைக்கும் போயிட்டு மூணு நாள்ல திரும்பி வந்துரும். நானும் போயிருக்கோணும். எனக்கும் டிக்கெட்டு இருக்குது, எனக்கும் பாஸ்போர்ட்டு இருக்குது. இங்க பாரு, ஒரு சீலுகூட விழாம புதுசா இருக்குது. ஆனா நானு இங்க பஸ்ஸுல, அவரு அங்க கப்பல்ல. தப்பு ஆரு மேலன்னு நீயே கேட்டுட்டு ஒரு நாயம் சொல்லு.

போனு அடிச்சுதா இப்ப? இல்லையா? எனக்கு அடிச்ச மாதிரியே இருந்துச்சு.

எங்கூட்டுக்காரரு ரிக்கு வண்டியில இருந்தவரு. போர் போடுவாங்கல்ல, காட்டுல குழா எறக்கித் தண்ணி எடுப்பாங்களே, அந்த வண்டி. எங்கூருப் பக்கம் வூட்டுக்கு ஒரு ஆளு அதுலதான் இருப்பாங்க. இவரு டிரில்லரு. மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கரு, ஒரிசான்னு எங்கெங்கயோ. ஆயுத பூச முடிஞ்சு வண்டி கெளம்புச்சுன்னா, அடுத்த வருசம் ஆனியில அங்க மழ புடிச்சு வேல நின்னாத்தான் வூட்டு மொகத்தப் பாப்பாரு. முப்பத்தொரு வருசம் இப்படித்தான். மூணு மாசம் புருசன், ஒம்போது மாசம் கடுதாசி. பொறவு கடுதாசி போயி போனு வந்துச்சு, அவ்வளவுதான்.

அவரு கெளம்பறதுக்கு ஒரு மாசம் முந்தியே நானு பொட்டி கட்ட ஆரம்பிச்சிருவேன். அந்தக் காட்டுல என்ன கெடைக்கும் சொல்லு, சப்பாத்தியும் உருளக்கெழங்கும். அதனால பருப்புப்பொடி, கொள்ளுப்பொடி, எள்ளுப்பொடி, கறிவேப்பிலப்பொடி, கறி மசாலா, வடகம், ஊறுகா, எல்லாம் ஒம்போது மாசத்துக்குக் கணக்குப் பண்ணி வெப்பேன். காச்சலுக்கு மாத்திர, கால் வெடிப்புக்குக் களிம்பு, தைக்கறதுக்கு ஊசிநூலு. எங்க தெருவுல மத்த டிரில்லருங்க பொண்டாட்டியெல்லாம் வந்து நின்னு பாப்பாளுங்க. 'வசந்தாமணியக்கா பொட்டி கட்டுனா ஒரு குண்டூசி மறக்காது'ன்னு சொல்லுவாளுங்க. நானா சொல்லிக்கல, அவளுங்க சொன்னது.

கல்யாணமாயி ரெண்டாவது வருசம், ஜபல்பூருல ரூமு எடுக்கறேன், ஒரு மாசம் வந்து இருக்கறியான்னு கேட்டாரு. மாமியாரு இருக்கறாங்க, எருமை இருக்குது, எப்படிப் போறது? பதிலுக்கு ரெண்டு கிலோ அதிரசம் சுட்டுக் குடுத்துவுட்டேன். பொறவு அவரும் கேக்கல.

இப்பப் போன தை மாசம் வேலைய வுட்டு நின்னுட்டாரு. ரிக்குச் சத்தத்துல ஒரு காது சுத்தமாப் போயிருச்சு. வூட்டுலயேதான் இருக்கறாரு. நல்லதுதான், நல்லதில்லைன்னு நானு எங்க சொன்னேன்? ஆனா பாரு, நானு சமையக்கட்டுல நின்னா வந்து கதவு நெலவுல சாஞ்சுக்கிட்டு நிக்கறாரு. துணி காயப்போட மாடிக்குப் போனா பொறகாலயே வர்றாரு. 'என்ன வேணுமுங்க'ன்னா 'ஒண்ணும் வேண்டாம், சும்மா'ங்கறாரு. சும்மா வந்து நிக்கற ஆளுகிட்ட என்னத்தப் பேசறது? டீ வேணுமான்னு கேப்பேன். ஒரு நாளைக்கு எத்தன டீ குடிக்க முடியும் மனுசனால? ஒரு நாளு ஏழு டீ குடிச்சிருக்கறாரு பாவம், நானு கேட்டுக்கிட்டே இருந்ததுக்கு.

அவருக்கு இந்த ஆவணியில அறுவது முடியுது. எல்லாரும் திருக்கடையூருல போயி அறுவதாங் கல்யாணம் பண்ணுங்கன்னாங்க. இவரு வேண்டாம்னுட்டாரு. 'ஒறம்பர, சொந்தம்னு முன்னூறு பேரு வருவாங்க. நீ அடுப்படியில நிப்ப, நானு வாசல்ல நிப்பேன். அதுக்கு நாம ரெண்டு பேரு மட்டும் கப்பல்ல போலாம் வசந்தா'ன்னாரு. எங்க போனாலும் தரையத் தொளச்சுக்கிட்டுத்தான் இருந்தேன், தண்ணி மேல ஒருக்காப் போகோணும்னாரு. நானு என்ன சொன்னேன்னா, 'போலாம், ஆனா சாமானமெல்லாம் நானுதான் எடுத்து வெப்பேன்'னேன். சரின்னாரு. அங்கயே ஒத்துக்கிட்டாரா இல்லையா?

எம்புள்ள தாரணி பெங்களூருல இருக்கறா. போன வருசம் அவ புருசனோட அதே கப்பல்ல போயிட்டு வந்தவ. என்னென்ன எடுத்துக்கோணும்னு போன்ல அனுப்பிச்சிருந்தா. காந்தம் வெச்ச கொக்கி நாலு எடுத்துக்கம்மா, ரூமுச் செவுரு இரும்பு, ஆணியடிக்க முடியாது, துண்டு மாட்ட ஆகும்னா. ஏ.சி. குளுரும், ஸ்வெட்டரு. கப்பலு ஆடுனா வாந்தி வரும், அதுக்கு மாத்திர. பெரிய பொட்டியத் தொறைமொகத்துலயே வாங்கிக்கிட்டுச் சாயங்காலந்தான் ரூமுக்குக் கொண்டாருவாங்க, அதனால மாத்திர, ஒரு மாத்துத்துணி, போன் சார்ஜரு எல்லாம் ஒரு சின்னப் பையில தனியா வெச்சுக்கன்னா. நல்ல ரோசனைதான். அத்தனையும் வாங்குனேன்.

கடைசியா, அயர்ன் பாக்ஸு, குக்கரு, ஒயரு நீட்டற பாக்ஸு இதெல்லாம் எடுத்துட்டு வராத, தின்பண்டம் கொண்டாரவே கூடாதுன்னு எழுதியிருந்தா. இதெல்லாம் சும்மா எழுதறது கண்ணு. சினிமாக் கொட்டாயிலகூடத்தான் போர்டு மாட்டியிருக்கறாங்க. முந்தானைக்குள்ள முறுக்கு கொண்டு போகாத பொம்பள உண்டா? அங்க நாலு வேளையும் கேட்டதெல்லாம் போடுவாங்களாம். இருக்கட்டும். பருப்புப்பொடி போடுவானா? இவருக்கு நடுச்சாமத்துல பசிச்சா நானு கப்பக்காரனப் போயி எழுப்பட்டுமா?

அதனால சின்ன ரைஸ் குக்கரு ஒண்ணு, அயர்ன் பாக்ஸு ஒண்ணு வெச்சேன். பொடி ஒம்போது வகை வெச்சேன். நார்த்தங்கா, எலுமிச்சங்கா. கச்சாயம், முறுக்கு. துணி காயப்போடக் கயிறு பத்து மொழம். கப்பல்ல பக்கெட்டு இருக்காது, மேலயிருந்து பூவாளி மாதிரித்தான் ஊத்தும்னு தாரணி சொன்னா, அதனால பக்கெட்டு, சொம்பு. பாரு, எல்லாத்துக்கும் ஒரு காரணம் இருக்குதா இல்லையா? அவரு ஒரு வார்த்த வேண்டாம்னு சொல்லல. பொட்டி மூடலைன்னதும் மேல ஏறி உக்காந்துகூடக் குடுத்தாரு. 'மூணு நாளுதான வசந்தா'ன்னு ஒருக்காச் சொன்னாரு. அவ்வளவுதான்.

என்ன இது, சும்மா சும்மா நிறுத்தறான்? டோல்கேட்டா? சரி சரி. நானு பேச்சுக்கு நடுவுல நல்லாக் கண்ணசந்துட்டேன் போல.

இன்னிக்குப் பதினோரு மணிக்குத் தொறைமொகம் போயிச் சேந்தோம். பெரிய ஹாலு, ஐஸுப் பொட்டிக்குள்ள நிக்கற மாதிரி குளுரு. சாமானத்த ஒரு மிசினுக்குள்ள வுட்டு எடுக்கறாங்க. எங்க உருப்படி ஒவ்வொண்ணா உள்ள போவுது, ஒவ்வொண்ணுக்கும் அது கத்துது. கையில ஒற போட்ட ஒரு பொண்ணு, உன்ற வயசுதான் இருக்கும், 'தொறங்கம்மா'ன்னா. குக்கர எடுத்து மேசை மேல வெச்சா. அயர்ன் பாக்ஸ வெச்சா. ஒம்போது பொடியையும் வரிசையா வெச்சா. கயித்த எடுத்து 'இது எதுக்கும்மா'ன்னா. துணி காயப்போடன்னேன். அவளும் சிரிக்கல, நானும் சிரிக்கல, பொறகால வரிசையில நின்னவங்கதான் சிரிச்சாங்க.

'இதெல்லாம் ஏத்த முடியாதும்மா, நீங்க இங்க வெச்சுட்டுப் போலாம், பன்னெண்டரைக்குக் கவுண்டரு மூடிருவாங்க'ன்னா. நானு அவகிட்ட எடுத்துச் சொன்னேன், எங்கூட்டுக்காரருக்கு வெளிச் சாப்பாடு ஆகாதும்மான்னேன். அப்பத்தான் இவரு வாயத் தொறந்தாரு. 'முப்பத்தொரு வருசம் வெளியிலதான வசந்தா சாப்புட்டேன்'னாரு. அந்தப் பொண்ணு முன்னாலயே.

நானு, 'பொடி வெச்சுத்தான சாப்புட்டீங்க'ன்னேன்.

அவரு கையில இருந்த சின்னப் பையக் கீழ வெச்சாரு. பொறவு சொன்னாரு. 'மழைக்கு வூட்டுக்கு வர்றப்பெல்லாம் பொடியில உப்புச் சரியா இருந்துச்சான்னு கேப்ப. காரம் பத்துச்சான்னு கேப்ப. நானு எப்படி இருந்தேன்னு ஒரு வருசம்கூடக் கேக்கல நீ'ன்னாரு. கத்தல, சாதாரணமாத்தான் சொன்னாரு. காது கேக்காதவங்க சாதாரணமாச் சொன்னாலே ஹாலு பூராக் கேக்கும்.

நீயே சொல்லு கண்ணு. பொடி டப்பா காலியா வந்தா ஆளு நல்லாச் சாப்புட்டாருன்னு அர்த்தம். நல்லாச் சாப்புட்டா நல்லா இருந்தாருன்னுதான அர்த்தம்? இதைத் தனியா வேற கேக்கோணுமா?

மணி பன்னெண்டே கால் ஆயிருச்சு. 'அப்படியே போட்டுட்டு வா, நீ ஒருத்தி வந்தாப் போதும்'னாரு. என்ன சொன்னேன்னா, 'நீங்க போங்க, நானு இதப் பாத்துக்கறேன்'னேன். வாயில தானா வந்துருச்சு. ஒவ்வொரு வருசமும் வண்டி கெளம்பறப்ப வூடு, எருமை, புள்ள எல்லாத்தையும் அப்படிச் சொல்லித்தான் அனுப்புவேன். அவரு, 'வரப்போறியா இல்லையா, ஒரு வார்த்த சொல்லு'ன்னாரு. நானு அவரு சின்னப் பையத் தொறந்து பாத்தேன். மாத்திர சைடு ஜிப்புல இருக்குது, ஸ்வெட்டரு இருக்குது, கொக்கி நாலும் இருக்குது. மூடிக் கையில குடுத்தேன். வாங்கிக்கிட்டுப் போயிட்டாரு.

அங்க ஒரு கண்ணாடிக் கதவு. அது வரைக்கும் எப்படியும் முப்பது தப்படி இருக்கும். நாப்பதுகூட இருக்கும், மெதுவாத்தான் நடந்தாரு. கூப்புட்டிருந்தா நின்னிருப்பாரு. ஆனா பயணம் போறவங்களப் பொறகாலயிருந்து கூப்புடக் கூடாதில்ல? போற காரியம் வெளங்காதும்பாங்க. இத்தன வருசத்துல ஒருக்காக்கூட நானு கூப்புட்டதில்ல, ஒருக்காக்கூட அவரு திரும்பிப் பாத்ததில்ல. அதனாலதான் போன எடத்துலயெல்லாம் ஒரு காயம் படாமத் திரும்பி வந்தாரு. இன்னிக்கும் கூப்புடல. கதவு தானாத் தொறந்து தானா மூடிக்கிச்சு.

பொறவென்ன, அங்கிருந்த போர்ட்டரு நல்ல மனுசன், எல்லாத்தையும் ஒரு ஆட்டோவுல ஏத்திவுட்டாரு. தாரணிக்குப் போனு பண்ணுனேன். அவ என்னைய வையறா. அவளுக்கென்ன தெரியும்?

என்னது? சாமானத்த அங்கயே வெச்சுட்டுப் போயிருந்தா என்ன ஆயிருக்கும்ங்கறியா? ஒண்ணும் ஆயிருக்காது. அதுக்குன்னு ஒரு ரூமு இருக்குது, டோக்கன் குடுப்பாங்களாம், திரும்பி வர்றப்ப வாங்கிக்கலாமாம். அந்தப் பொண்ணு ரெண்டு மூணு தடவ சொன்னா. பூட்டுப் போட்ட ரூமுதான், ஏ.சி.கூட இருக்குதாம். ஆனா... ஊறுகா இருக்குதில்ல. ஊறுகாய ஆருன்னே தெரியாதவங்ககிட்ட எப்படி...

நீ எதுக்கு அப்படிப் பாக்கற?

சரி. சரி, சொல்றேன். நீ ஆத்தூருல எறங்கிப் போயிருவ, நானு உன்னையப் பாக்கவா போறேன்? தாரணி அந்த ரூமு போட்டோவக் காமிச்சா. சின்ன ரூமு. ஒரு கட்டிலு, ரெண்டு நாற்காலி, அந்தப் பக்கம் தண்ணி. சமையக்கட்டு இல்ல, கொல்லப்புறம் இல்ல, ஒரு வேல இல்ல. மூணு நாளு அந்த நாற்காலியில அவருகூட உக்காந்து நானு என்ன பேசுவேன்? எங்கூட்டுல அவரு படுக்கறது முன்னால ஆசாரத்துல, கூடத்துல, நானு உள்ள ரூமுல. முப்பத்தொரு வருசத்துல சேந்தாப்புல ஒரு மணி நேரம் அவரு மொகத்தப் பாத்துப் பேசுனதில்ல. அவர அனுப்பி வெக்க எனக்கு நல்லாத் தெரியும். எங்கூரு முச்சூடும் கேட்டுப்பாரு, என்னைய மாதிரி புருசன அனுப்பி வெக்க ஆளில்ல. கூட இருக்கறதுக்குத்தான் தெரீல. ரெண்டு நாள்லயே 'இவகிட்ட ஒண்ணுமில்ல'ன்னு அவருக்குத் தெரிஞ்சு போயிருமேன்னு இருந்துச்சு. பயமா இருந்துச்சு கண்ணு. அந்தப் பொண்ணு ஒவ்வொரு பொடியா எடுத்து வெளிய வெக்க வெக்க, எனக்கு... அப்பாடான்னு இருந்துச்சு. இது வரைக்கும் ஆருகிட்டயும் சொல்லல. இப்பத்தான் எனக்கே தெரியுது.

போனு! என்றதுதான். எடு எடு. அடிக்கலையா, படம் வந்திருக்குதா? நீ பாத்துச் சொல்லு கண்ணு, என்ற கண்ணாடி கீழ டிக்கியில பெரிய பொட்டிக்குள்ள மாட்டிக்கிச்சு. மணி என்ன, ஆறேகாலா? அப்பக் கெளம்பிருச்சு. என்ன எழுதியிருக்கறாரு? ஒண்ணும் எழுதலையா? வெறும் படந்தானா? ரூமா? சொல்லு, என்னென்ன இருக்குது?

கட்டிலு. சரி. அந்தப் பக்கம் தண்ணி. சரி. துண்டு மாட்டியிருக்கறாரா? பாரு, கொக்கிய ஒட்டியிருக்கறாரு, ஆகும்னு சொன்னனா இல்லையா. அப்பறம்? சின்ன மேசை. மேசை மேல டீ. எத்தன? ரெண்டு கப்பா? ஒருத்தருக்கு எதுக்கு ரெண்டு? ரூமுக்கு ஆராச்சும் வந்திருக்கறாங்களா? நல்லாப் பாரு. ஆருமில்லையா? ரெண்டு நாற்காலியும் காலியா இருக்குதா? கப்பு ரெண்டும் ரொம்பி அப்படியே இருக்குதா?

எனக்கா அது?

குடு அந்தப் போன. கண்ணாடியில்லாட்டிப் போகுது, கிட்ட வெச்சுப் பாக்கறேன். ஆமா. ஒரு நாற்காலிய வெளிய பாக்கற மாதிரித் திருப்பிப் போட்டிருக்கறாரு. ஜன்னலுகிட்ட. அது எனக்குப் போட்டதுதான்.

இல்ல, நானு அழுவல. இரு, இரு சித்த. ஆறிப் போயிருக்கும் அந்த டீ.

எனக்கு இதுல எழுத வராது கண்ணு, பேசத்தான் வரும். நீ எழுது. என்னன்னு எழுதறது? 'மாத்திர போட்டீங்களா'ன்னு எழுது. சைடு ஜிப்புன்னு எழுது. எழுதிட்டியா? வேண்டாம், அழி. அழிச்சுரு. 'ஊருக்குப் போயிக்கிட்டு இருக்கறேன், சாமானமெல்லாம் பத்திரமா இருக்குது'ன்னு... அதுவும் வேண்டாம். சாமானம் கெடக்குது கழுத.

இப்படி எழுது. 'சாமானத்துக்காக இல்லீங்க. எனக்குப் பயமா இருந்துச்சு. அதான் வரல.' அவ்வளவுதான். வேற ஒண்ணும் சேக்காத. அமுக்கு, அமுக்கிரு, யோசிச்சா வேண்டாம்னுருவேன்.

போச்சா? அது என்ன, ஒத்தக் கோடு? ஒத்தக் கோடுன்னா அவருக்குப் போயிச் சேரலையா? நடுக் கடலுக்குப் போனா டவரு இருக்காதுன்னு தாரணியும் சொன்னா. அப்ப இனி வெள்ளிக்கெழம கரைக்கு வந்தாத்தானா? மூணு நாளும் அவருக்குத் தெரியாதா?

இல்ல இல்ல, அழிக்காத. அது அப்படியே இருக்கட்டும்.